வாங்கும் கையும் செய்யும் கையும்

(நம் பங்கின் யூபிலி விழாவையொட்டி நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

"நலிந்தோரின் உழைப்பும் நம் கடமையும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு பெரிது, நான் படித்தது கொஞ்சம். ஆகவே நேற்று மாலை கடைத்தெருவில் வாங்கி இந்த மஞ்சள் பையில் கொண்டுவந்திருக்கும் பொருள்களை வைத்துப் பேசிவிடுகிறேன். இதோ ஒரு தீப்பெட்டி, ஒரு பாக்கெட் கடலைமிட்டாய், ஒரு வட்டு கருப்பட்டி. மூன்றும் நம் மண்ணில் செய்தவை. மூன்றுக்கும் பின்னால் நமக்குத் தெரிந்த முகங்கள் இருக்கின்றன.

முதலில் தீப்பெட்டி. வெளியூர்க்காரர்கள் தீப்பெட்டித் தொழிற்சாலை என்பார்கள். நமக்கு அது "ஆபீஸ்". "ஆபீசுக்குப் போறேன்" என்று நம் ஊர்ப் பெண் சொன்னால், மேசை நாற்காலியில் உட்காரப் போகிறாள் என்று யாரும் நினைப்பதில்லை. கரிசல் பூமி வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை சரியாக விழுந்தால் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் மிளகாயும் வீடு வந்து சேரும். விழாவிட்டால் காட்டில் வேலை இல்லை. 1920-களில் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று இத்தொழிலைக் கற்று வந்தபின், அது சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று பரவியதற்கு இரண்டு காரணங்கள்: ஒன்று, மருந்து காய்வதற்கேற்ற வறண்ட காற்று, மற்றொன்று, வேலைக்கு ஏங்கி நின்ற கைகள். அந்தக் கைகளில் சின்னஞ்சிறு கைகளும் இருந்தன என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா? இந்த மண்டபத்திலேயே ஐம்பது வயது கடந்த தாய்மார்கள் பலர் கட்டை அடுக்கியவர்கள்தாம்.

நான் 1981-இல் ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். காலையில் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவேன். பத்துப் பெயருக்கு மூன்று பெயர், "ஆபீசுக்குப் போயிட்டா டீச்சர்" என்று பக்கத்துப் பிள்ளையின் வாயிலிருந்து வரும். விடியுமுன் ஆபீஸ் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். இருட்டியபின் கொண்டுவந்து விடும். வராத பிள்ளையை வீடு தேடிச் சென்றால் தாயார் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார். கையை நிறுத்தாமலே பேசுவார். அவரிடம் கோபப்பட எனக்கு வாய் வராது.

அக்காலத்தில் எனக்கு ஒரு வீம்பு பிறந்தது. இனி என் வீட்டில் தீப்பெட்டியே வாங்குவதில்லை என்று ஒரு தாயிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க வாங்காட்டி எங்க அடுப்புல உலை ஏறாது டீச்சர். வாங்குங்க. ஆனா எங்களுக்குக் கூலியைக் கூட்டிக் குடுக்கச் சொல்லுங்க, புள்ளையை நானே பள்ளிக்கூடத்துல கொண்டாந்து விடுறேன்" என்றார். நான் படித்த பி.எட். பாடத்தில் இது இல்லை.

அந்தத் தாய் சொன்னதன் உண்மையைப் பின்னாளில் உலகமே பட்டுத் தெரிந்துகொண்டது. குழந்தைகள் தைத்த ஆடைகளை அமெரிக்காவில் இறக்குமதி செய்யக்கூடாது என்று 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு மசோதா வந்தது. சட்டமாகும் முன்பே வங்காளதேசத்து ஆடை ஆலைகள் பயந்துபோய் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஒரே நேரத்தில் வெளியே அனுப்பின. அவர்களில் பலர் பள்ளிக்குச் செல்லவில்லை. கல்லுடைக்கவும் அதைவிடக் கேடான வேலைகளுக்கும் சென்றார்கள். பொருளை ஒதுக்குவது மிக எளிது. ஒதுக்கியபின் அந்தக் குடும்பம் என்ன சாப்பிடும் என்று கேட்பதுதான் கடினம். வட இந்தியக் கம்பளங்களுக்கு 1994-இல் வந்த ரக்மார்க் முத்திரை இதற்கு வேறு வழி தேடியது. குழந்தைகள் நெய்யாத கம்பளம் என்பதற்கு ஓர் அடையாளம், அதோடு மீட்ட பிள்ளைகளின் படிப்புக்கு ஏற்பாடு.

நம் பகுதியில் சட்டங்களும் உதவின. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சத்துணவும் சிறப்புப் பள்ளிகளும் தம் பங்கைச் செய்தன. என் பதிவேட்டில் "ஆபீசுக்குப் போயிட்டா" என்ற பதில் வருடத்துக்கு வருடம் குறைந்ததை நானே கண்டேன். பிள்ளைகள் எழுந்துபோன இடத்தில் இப்போது தாய்மாரும் பாட்டிமாரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கணக்கு டீச்சர் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2007 முதல் ஒரு தீப்பெட்டி ஒரு ரூபாய். பதினான்கு ஆண்டுகள் அதே விலை. அதற்குள் அரிசி, எண்ணெய், பஸ் கட்டணம் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. கடைசியில் மூலப்பொருள் விலை தாங்கவில்லை. சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ஆகவும், மெழுகு 58-லிருந்து 80 ஆகவும் ஏறின. அட்டையும் ஏறியது. ஆகவே 2021 டிசம்பர் முதல் தேதியிலிருந்து பெட்டி இரண்டு ரூபாய் ஆயிற்று. விலை இரட்டிப்பாகிவிட்டதே என்று நாமும் முணுமுணுத்தோம்.

ஆனால் உற்பத்தியாளர் அன்று அறிவித்த விலையைப் பாருங்கள். 600 பெட்டி கொண்ட ஒரு பண்டல் அதுவரை 270 முதல் 300 ரூபாய். அதை 430 முதல் 480 ஆக உயர்த்தினார்கள். வரியும் லாரி வாடகையும் தனி. வகுத்துப் பார்த்தால் பெட்டிக்கு முன்பு 45 முதல் 50 காசு. பின்பு சுமார் 72 முதல் 80 காசு. நாம் கூடுதலாகக் கொடுத்தது ஒரு ரூபாய். செய்தவர் கைக்கு வந்தது ஏறக்குறைய 27 முதல் 30 காசு. அதிலும் முதல் பங்கைப் பாஸ்பரஸும் மெழுகும் அட்டையும் எடுத்துக்கொண்டன. கட்டை அடுக்கும் பெண்ணின் கைக்கு எவ்வளவு வந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். இதில் யாரையும் திருடர் என்று நான் சொல்லவில்லை. சின்ன ஆபீஸ் வைத்திருப்பவரும் கடன்காரர்தான். நாம் கொடுக்கும் விலை உயர்ந்தால் உழைப்பவருக்குத் தானாகப் போய்ச்சேரும் என்று நம்பியிருக்க முடியாது என்பதைத்தான் சொல்கிறேன்.

இதற்கிடையில் பிளாஸ்டிக் லைட்டர் வந்தது. பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டிக்கு ஈடாகிறது என்று 2022-இல் நம் முதலமைச்சர் மத்திய அரசுக்கு எழுதினார். இருபது தீப்பெட்டி என்றால் நாற்பது ரூபாய். யார்தான் தீப்பெட்டி வாங்குவார்கள்? 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. பிறகு பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள்; 2024-இல் அதற்கும் கட்டுப்பாடு வந்தது. இருந்தும் நம் பங்கு மக்கள் வீட்டிலேயே பூஜை மெழுகுவர்த்தியை லைட்டரால் ஏற்றுவதைப் பார்க்கிறேன். என் மருமகளும் அப்படித்தான். அவளிடம் சொல்லிப் பார்த்தேன், "சரி அத்தை" என்றாள். லைட்டர் இன்னும் அடுப்பு மேடையில்தான் இருக்கிறது.

செய்பவருக்கே நியாயமான பங்கு போய்ச்சேர ஏதேனும் வழி உண்டா? உலகில் சிலர் முயன்றிருக்கிறார்கள். மெக்சிகோவின் மலைகளில் காப்பி பயிரிட்ட ஏழைப் பழங்குடி மக்களிடையே, பிரான்ஸ் வான் டெர் ஹோஃப் என்ற டச்சுக் குருவானவர் தாமும் ஓர் உழைப்பாளியாக வாழ்ந்தார். தர்மம் வேண்டாம், விலை வேண்டும் என்பதுதான் அம்மக்கள் கேட்டது. அவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். ஹாலந்தில் நிக்கோ ரோசன் என்பவரும் இந்தக் குருவும் சேர்ந்து 1988-இல் "மாக்ஸ் ஹாவலார்" என்ற முத்திரையோடு அந்தக் காப்பியைக் கடைகளில் வைத்தார்கள். சந்தை விலை விழுந்தாலும் ஒரு குறைந்தபட்ச விலை உண்டு. அதற்குமேல் ஊர்ப் பொதுக்காரியத்துக்கு ஒரு சிறு தொகை. முன்பணம் வேண்டுமென்றால் அதுவும் உண்டு. இதைத்தான் இன்று நியாய வணிகம் என்கிறார்கள். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009-இல் எழுதிய சுற்றுமடலில், பொருள் வாங்குவதும் அறநெறி சார்ந்த செயலே என்று எடுத்துரைத்ததற்குப் பின்னால் இத்தகைய முயற்சிகள் இருந்தன. நியாயக் கூலியைப் பற்றி 1891-லேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் எழுதிவிட்டார் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் அந்த முத்திரை வாங்கக் கட்டணம், சோதனை, காகிதம் எல்லாம் உண்டு. திண்ணையில் பெட்டி ஒட்டும் பெண்ணுக்கு அது எட்டாது.

இந்தக் கடலைமிட்டாய்க்கும் ஒரு முத்திரை கிடைத்தது. 2014-இல் விண்ணப்பித்து, 2020 ஏப்ரல் கடைசியில் புவிசார் குறியீடு பெற்றோம். நம் கரிசல் நிலக்கடலையும் வெல்லமும் தாமிரபரணித் தண்ணீரும் சேர்ந்த சுவைக்குப் பெருமைதான். கோவில்பட்டி என்ற பெயரை வேறு யாரும் திருட முடியாது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த முத்திரை ஊரைச் சொல்லும், கூலியைச் சொல்லாது. பாகு காய்ச்சும் சூட்டில் நிற்பவருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கடையில் நாம்தான் கேட்க வேண்டும். நான் கேட்டேன். ஒரு கடைக்காரர் முகம் சுளித்தார்; இன்னொருவர் உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். அன்றிலிருந்து இரண்டாமவர் கடையில்தான் வாங்குகிறேன்.

கருப்பட்டி விஷயத்தில் குற்றவாளி நானே. ஆகஸ்டு பதினைந்தில் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழாவுக்குச் சென்றிருந்தேன். வேம்பார்ப் பக்கத்து ஆச்சி ஒருவர் நார்ப்பெட்டியில் கருப்பட்டி வைத்திருந்தார். "ஆச்சி, கடையில் பாதி விலைக்குக் கொடுக்கிறானே" என்று அரைமணி நேரம் பேரம் பேசினேன். "அது சீனிப் பாகு டீச்சரம்மா, இது பதனீர்" என்றார். பத்து லிட்டர் பதனீரைக் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு கிலோதான் கிடைக்கும். பனைக்கு ஏறுவது ஒருவர். விறகு பொறுக்கி அடுப்படியில் வேகுவது அவர் மனைவி. பருவமோ சில மாதங்களே. அந்த விலைக்கு உண்மையான கருப்பட்டி வராது என்பது கணக்கு டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆச்சி கடைசியில் இருபது ரூபாய் குறைத்துக் கொடுத்தார். அதே வாரம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஒட்டியிருந்த விலையைச் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டு வந்தேன். குளிர்சாதனம் உள்ள இடத்தில் நமக்குப் பேரம் பேச நா எழுவதில்லை.

மலிவு விலை சில சமயம் ஆயுதமாகவும் வரும். நம் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்பார்கள். குடையை வாங்கிக்கொண்டு ஏறியவரும் நம்மவரே. அதே வ.உ.சி. 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளருக்காக நின்று கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்றுத் தந்தார். சுதேசிப் பொருள் வாங்கச் சொன்னவர், செய்பவனின் வயிற்றையும் பார்த்தார்.

இனி நம் யூபிலிக்கு வருகிறேன். விருந்து நாளில் வீட்டுக்கொன்றாகக் கொடுக்கும் இனிப்பைப் பிளாஸ்டிக் டப்பாவில் போடலாம் என்று ஒரு கருத்து வந்துள்ளது. ஓலைக் கொட்டானில் போட வேண்டும் என்பது மாதர் சங்கத்தின் வேண்டுகோள். விலை கூடும், பேரவையில் அதற்கு எதிர்ப்பு உண்டு என்பதும் தெரியும். ஆனால் இரக்கத்துக்காக வாங்க வேண்டாம். முடைந்தது கோணலாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். நன்றாக இருந்தால் கேட்ட விலையைக் கொடுங்கள். அதையும் அன்றே கொடுங்கள். வேறோர் ஊரில், பெயர் வேண்டாம், விழாவுக்கு முந்நூறு கொட்டான் வாங்கிவிட்டு மூன்று மாதம் பணம் தராமல் இழுத்தார்கள். ஓலை வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியதில் அந்தப் பெண்களுக்குக் கிடைக்க வேண்டிய கூலியே கரைந்துவிட்டது. வாங்கியவர்கள் நல்லவர்கள்தாம். பக்திமான்கள். கைவினைக்கு ஆதரவு கொடுத்தோம் என்று மலரில் படமும் போட்டிருந்தார்கள்.

ஆகவே பேரவைக்கு ஒரு விண்ணப்பம். பாதிப் பணத்தை முன்பணமாக இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். ஓலை வெட்டிக் காயவைத்து முடைய அவர்களுக்கு ஆறு வாரமாவது வேண்டும். பிளாஸ்டிக்குக்கும் கொட்டானுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மாதர் சங்கம் வீட்டுக்கு வீடு திரட்டித் தரும். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. முதல் பெயர் என்னுடையது. ஆச்சியிடம் குறைத்த இருபது ரூபாயையும் அதில் சேர்த்தே எழுதியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் உட்கார்ந்திருப்பேன். சில்லறை இல்லாதவர்கள் நாளை பூசைக்குப் பிறகும் கொடுக்கலாம்.