ஆடும் பொம்மை: குறைந்த செலவில் நம் கையால்

(திருத்தணி வட்டாரக் கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. "ஊறுகாய், அப்பளம், தையல் எல்லாக் குழுவும் செய்யுது. வேற என்னதான் செய்யறது?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஒரே பொருளைப் பத்துக் குழு செய்தால் ஒருவர் விலையை ஒருவர் குறைக்க வேண்டியதுதான். அதனால் இன்றைக்குப் புதுசாக ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறோம். மோட்டார் வைத்து அசையும் பொம்மை.

நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு பொம்மை கை கூப்பி வணக்கம் சொல்லும். கொலுவில் யானை தலையாட்டும். அமெரிக்காவில் அக்டோபர் 31 அன்று ஹாலோவீன் என்று ஒரு பண்டிகை. அன்றைக்கு வீட்டு வாசலில் பேய் பொம்மை வைத்து ஆட விடுவார்கள். கடையில் வாங்கினால் விலை அதிகம் என்று, பழைய கார் கண்ணாடி துடைக்கிற வைப்பர் மோட்டாரை எடுத்துத் தாங்களே செய்கிறவர்கள் அங்கே நிறைய. அவர்கள் பேய் செய்கிறார்கள், நாம் வள்ளி செய்வோம். வேலை ஒன்றுதான்.

"மோட்டாரா? அது ஆம்பளைங்க வேலையாச்சே" என்று பின்னாடி ஒரு அக்கா சொல்வது காதில் விழுகிறது. தையல் மிஷினில் சக்கரம் வட்டமாகச் சுற்றுகிறது, ஊசி மேலும் கீழும் போகிறது. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் விசைத்தறி ஓட்டும் அக்காமார்களே, மோட்டார் வட்டமாகத்தானே சுற்றுகிறது, பலகை எப்படி முன்னும் பின்னும் போய் வருகிறது? சுற்றுவதை ஆட்டமாக மாற்றுவதுதான் இந்தத் தொழில் முழுக்க. அது உங்களுக்குத் தெரிந்த வேலை. பெயர்தான் புதுசு.

எப்படிச் செய்வது? யானைத் தலையையே எடுத்துக்கொள்வோம்.

மோட்டாரின் தண்டில் ஒரு சின்னப் பட்டையைத் திருகுங்கள். பட்டையில், நடுவிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் ஒரு கம்பியை மாட்டி, கம்பியின் மறுமுனையை யானையின் தலையோடு சேர்த்துவிடுங்கள். மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் கம்பி 4 சென்டிமீட்டர் போய்த் திரும்பி வரும். ஆட்டம் அதிகம் வேண்டுமா? ஓட்டையை இன்னும் தள்ளிப் போடுங்கள். குறைய வேண்டுமா? நடுப்பக்கம் கொண்டு வாருங்கள்.

அடுத்தது வேகம். மிக்சி மோட்டார், ஃபேன் மோட்டார் எல்லாம் இதற்கு ஆகாது. யானை தலையாட்டாது, தலை பறந்துவிடும். மெதுவாகச் சுற்றுகிற, உள்ளே பல்சக்கரம் உள்ள கியர் மோட்டார்தான் வேண்டும். நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் யானை 6 விநாடிக்கு ஒரு முறை தலையாட்டும், பார்க்க நன்றாக இருக்கும். வள்ளி கவண் வீசும் கைக்கு 30 சுற்று சரி. பெரிய பொம்மைக்கு வைப்பர் மோட்டார். சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் கடைகளில் கிடைக்கும். வாங்கும் முன் அங்கேயே 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதில் நாலைந்து ஒயர் இருக்கும். மெதுவாக ஓடும் ஒயர் எது என்று கேட்டு, அங்கேயே நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது எடை. தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மைக்கு மோட்டாரே கிடையாது. தலையும் இடுப்பும் கம்பியில் சமமாக நிற்பதால் விரலால் தொட்டாலே ஆடுகிறது. அதே போல உங்கள் பொம்மையின் தலையும் கையும் முதலில் கையால் தொட்டால் லேசாக ஆட வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் மறுபக்கம் சின்னக் கல்லைக் கட்டிச் சமமாக்குங்கள். மோட்டார் பொம்மையைத் தள்ளினால் போதும், தூக்கக் கூடாது. அரை மணி நேரம் ஓடிய பிறகு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் பாரம் அதிகம் என்று அர்த்தம்.

உடம்புக்குக் காகிதக் கூழ் போதும். பழைய செய்தித்தாளை ராத்திரி ஊற வைத்து, அரைத்து, மைதாப் பசை சேர்த்துப் பிசைந்தால் மண்ணை விட எடை மிகக் குறைவு. பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். சமையல் பாத்திரத்தில் கலக்கக் கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. கூழ் காய நல்ல வெயில் வேண்டும். ஐப்பசி மழை வருவதற்குள், ஆடி, ஆவணியிலேயே உடம்பு வேலையை முடித்துவிட வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. ஒரு ஊர்த் திருவிழாவில் ஆடும் பொம்மை ஒன்றை வைத்திருந்தார்கள். சுவரில் வருகிற 230 வோல்ட் கரண்டையே பொம்மைக்குள் கொடுத்து, ஒயரை வெறுமனே முறுக்கி விட்டிருந்தார்கள். ராத்திரி மழைத் தூறல். பொம்மையைத் தொட்ட ஒரு சின்னப் பெண்ணைக் கரண்ட் தூக்கி எறிந்தது. பக்கத்தில் இருந்தவர் மெயினை அணைத்ததால் பிழைத்தாள். ஆகவே நமது கூட்டமைப்பில் யார் செய்தாலும் இந்த விதிகளை மீறக் கூடாது:

பொம்மைக்குள் 12 வோல்ட்டுக்கு மேல் போகவே கூடாது. மூடிய அடாப்டர் மட்டும். அதுவும் தரையில் இல்லாமல், மழை படாத உயரத்தில் இருக்க வேண்டும்.

அடாப்டரிலிருந்து வரும் ஒயரில் ஒரு ஃபியூஸ் போட வேண்டும். இணைப்பு எல்லாம் டேப் சுற்றி மூடியிருக்க வேண்டும்.

சுற்றுகிற பட்டையைச் சுற்றிக் கம்பி வலை அடிக்க வேண்டும். குழந்தைகள் விரலை விட்டுத்தான் பார்ப்பார்கள்.

ஓடும் மோட்டார் பக்கத்தில் குனியும்போது முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள், பின்னலைத் தூக்கிக் கட்டுங்கள்.

அடுத்து பணம். ஒரு யானைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை இடத்துக்கு இடம் மாறும், நீங்களே கடையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மோட்டார் 250, அடாப்டர் 200, பலகை 150, காகிதம் பசை 50, பெயின்ட் 150, ஒயர் திருகாணி 100 என்று வைத்துக்கொண்டால் பொருள் 900 ரூபாய். நாலு நாள் வேலை, நாளுக்கு 300 என்றால் 1,200. நம் உழைப்புக்கும் கூலி எழுத வேண்டும் சகோதரிகளே, அது இனாம் இல்லை. ஆக மொத்தம் 2,100. வாடகை ஒரு தடவைக்கு 600 என்றால் நாலு வாடகையில் 2,400 வந்து, போட்டது திரும்பிவிடும்.

ஆனால் இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். நவராத்திரிக்கு எல்லோரும் கேட்பது அதே ஒன்பது, பத்து நாள். ஒரு யானை ஒரு வீட்டுக்குத்தான் போக முடியும். கொலுவை மட்டும் நம்பி, வங்கிக் கடன் வாங்கி 20 பொம்மை செய்தால், அடுத்த நவராத்திரி வரை பொம்மை பரணில், வட்டி தலையில். எங்கள் கவலை அதுதான்.

வருஷம் முழுக்க வேலை வர நம்ம ஊரில் வழி இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கு 365 படியும் ஏறுகிறார்கள். வழியில் கடை போடுகிறவர்கள் கூட்டத்தை இழுக்க ஏதாவது தேடுகிறார்கள். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றைக்கும் நம்மில் பலர் வீட்டில் தெலுங்குதான். ஆந்திராவில் பல வீடுகளில் சங்கராந்திக்கும் 'பொம்மல கொலுவு' வைப்பார்கள். அக்டோபரில் ஓடிய யானை ஜனவரியில் எல்லை தாண்டிப் போகலாம். அப்புறம் வைகாசிக் கல்யாணங்கள், பள்ளி ஆண்டு விழாக்கள். வள்ளி திருமணம் நடந்த தலம் என்று கொண்டாடுகிற ஊர் இது. பரண் மேல் நின்று வள்ளி கவண் வீச, பின்னாலிருந்து யானை தலையாட்டி வரும் காட்சி எந்தக் கல்யாண மண்டபத்துக்கும் பொருந்துமே!

இன்னொன்று. பொம்மை ஓடும்போது பாதியில் நிற்கும். திருகு கழலும், ஒயர் விடும். அப்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் வாடகையில் பாதி அவருக்குப் போய்விடும். பழுது பார்க்கத் தெரிந்தவர் கையில்தான் லாபம் நிற்கும். அதனால் பெயின்ட் அடிப்பதை மட்டும் நாம் வைத்துக்கொண்டு மோட்டாரை வீட்டு ஆண்களிடம் தள்ளிவிடாதீர்கள். குழுவில் குறைந்தது இரண்டு பேர் மோட்டாரைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் கற்றால், அவர் மகள் வீட்டுக்குப் போன நாளில் தொழில் நின்றுவிடும்.

ஆகவே எங்கள் யோசனை இது. விருப்பமுள்ள குழு ஒரே ஒரு பொம்மை செய்யட்டும். வெளிக் கடன் வேண்டாம், சேமிப்பிலிருந்து உள்கடன் போதும். தீர்மான நோட்டில் எழுதி, செலவு ஒவ்வொன்றுக்கும் ரசீது வையுங்கள். வாடகைக்குக் கொடுக்கும்போது முன்பணம் வாங்குங்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாலு வாடகை வந்த பிறகு இரண்டாவது பொம்மை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் வீட்டில் கெட்டுப்போய்க் கிடக்கும் பொம்மைக் கார், பழைய அடாப்டர், எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் நாங்கள் கொண்டு வருகிறோம். அங்கேயே பிரித்து, அங்கேயே ஓட்டிப் பார்ப்போம்.