கடல்ல கோடு எங்க இருக்கு?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ். காசிமேட்டுல எங்க தெருவுல இருக்கற ஒரு பொண்ணு, ப்ளஸ் டூ முடிச்சிருக்கா. "அக்கா, பொலிட்டிகல் சயின்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன். வீட்ல பி.காம். எடுன்னு சண்டை. நீங்க படிச்சீங்கல்ல, உருப்படுமா சொல்லுங்க"ன்னு கேட்டா. ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்ல உட்கார்ந்தேன், முடியல. அதான் மைக் முன்னாடி வந்துட்டேன்.

நான் சேர்ந்தது 2015-ல. அந்த மே மாசம் நைனா வீட்லதான் இருந்தார். மீன்பிடித் தடைக்காலம். அப்போ 45 நாள். 61 நாள் ஆனது 2017-லதான். போட்டைக் கரையேத்தி பெயின்ட் அடிச்சிட்டு இருந்தவர்கிட்டப் போய், "அரசியல் அறிவியல் படிக்கப் போறேன்"னு சொன்னேன். பிரஷ்ஷைக் கீழ வெக்காமலே கேட்டார்: "எந்தக் கட்சி?"

சிரிக்காதீங்க. இன்னிக்கும் பாதிப் பேர் அப்படித்தான் கேக்கறாங்க. அவருக்கு அது ஜோக்கே இல்ல. வீட்ல முதல் முதலா காலேஜ் போற பிள்ளை நான். மூணு வருஷம் நான் சம்பாதிக்காம இருக்கப் போறேன், அதுக்கப்புறம் என்னன்னு அவருக்குத் தெரியணும். எனக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்றது? ஐ.ஏ.எஸ்.னு ஒரு வார்த்தையைச் சொல்லித் தப்பிச்சேன். அது பொய்யின்னு அப்பவே எனக்குத் தெரியும்.

முதல் செமஸ்டர் ஏமாத்தமாத்தான் இருந்தது. பிளேட்டோ, அரிஸ்டாட்டில், அப்புறம் "அரசு என்றால் என்ன?" மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மைன்னு நாலு கூறு. மனப்பாடம் பண்ணு, பத்து மார்க் வாங்கு. சர்வதேச உறவுகள் பேப்பர்ல 1648, வெஸ்ட்பாலியா உடன்படிக்கைன்னு ஆரம்பிக்கும். இங்கிலீஷ் புத்தகம் புரியல, தமிழ்ல கிடைச்ச கைடு அதைவிடப் புரியல. தமிழ் மீடியத்துல இருந்து இந்தப் படிப்புக்கு வர்றவங்களுக்கு இது நிஜமான பிரச்சனை, நான் மறைக்க விரும்பல. அகராதியும் நியூஸ்பேப்பருமா ஒரு வருஷம் தள்ளினேன்.

எனக்கு அந்தப் படிப்பு திறந்துக்கிட்டது கிளாஸ்ல இல்ல, நைனா கேட்ட ஒரு கேள்வியில. ஒருதடவை அவர் ஓட்டிட்டுப் போன விசைப்படகை வடக்கே, பழவேற்காடு தாண்டி, அந்தப் பக்கத்து ஆளுங்க பிடிச்சு வெச்சுட்டாங்க. பேச்சுவார்த்தை எல்லாம் முடிஞ்சு ஊர் திரும்ப நாள் ஆச்சு. வந்ததும் என்னைப் பார்த்து, "நீ அரசியல் படிக்கிறியே, கடல்ல கோடு எங்க இருக்கு? எனக்குக் காட்டு"ன்னார்.

நானும் தேடினேன். நம்ம அரசமைப்புச் சட்டத்தோட ஏழாவது அட்டவணை இருக்கு இல்லையா, மத்திய அரசுக்கு எது, மாநிலத்துக்கு எதுன்னு பிரிக்கிற பட்டியல்கள். அதுல மாநிலப் பட்டியல்ல 21-வது இனம் மீன்வளம். ஒன்றியப் பட்டியல்ல 57-வது இனம், பிராந்தியக் கடலுக்கு அப்பால் மீன்பிடிப்பு. பிராந்தியக் கடல்னா கரையிலிருந்து 12 கடல் மைல், கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர். அதுக்குள்ள ஒவ்வொரு மாநிலமும் தனக்குன்னு சட்டம் போட்டு வெச்சிருக்கு. தமிழ்நாட்டோடது 1983-ல வந்தது. மீன் எந்த மாநிலத்துதுன்னு மீனுக்குத் தெரியாது, ஆனா வலைக்கு மாநிலம் உண்டு. இதை நைனாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப 12 மைலுக்கு வெளிய யாரு பிடிச்சாலும் மத்திய அரசுதான் பதில் சொல்லணுமா?"ன்னார். கூட்டாட்சி பத்தி என் கிளாஸ்ல அதுவரைக்கும் யாரும் அவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்ல.

அப்புறம் 2017. ஜனவரி 28 விடியற்காலை. எண்ணூர்ல காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. எரிவாயுவை இறக்கிட்டு வெளிய போன பி.டபிள்யூ. மேப்பிள், உள்ள வந்துட்டிருந்த டான் காஞ்சிபுரம். எண்ணெய் கரை ஒதுங்கி, எர்ணாவூர் பக்கம் கல்லு மேல எல்லாம் கறுப்பா தார் மாதிரி படிஞ்சுது. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுல உட்கார்ந்துட்டு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, அதே பசங்க வாளியோட எர்ணாவூர் போனோம். உலகத்துல எங்க எங்கயோ இருக்கற மெஷின் எல்லாம் டிவியில காட்டினாங்க. எங்க கையில பிளாஸ்டிக் பக்கெட்டு. கையுறை கிழிஞ்சா மாத்துக்கு இல்ல. அந்த வாசனை முடியில இருந்து போக ரொம்ப நாள் ஆச்சு. அந்த வாரம் காசிமேட்டுல மீன் வாங்க ஆள் இல்ல. பயம். எங்க பெரியம்மா கூடையோட போய் கூடையோட திரும்பி வந்தாங்க.

அன்னிக்கு ராத்திரி நியூஸ்ல பார்த்தேன்: பி.டபிள்யூ. மேப்பிள்ல பறக்கறது ஐல் ஆஃப் மேன் கொடி. அது எந்த நாடுன்னு தேடினா, அது நாடே இல்ல! பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவுல இருக்கற ஒரு தீவு. தனி நாடாளுமன்றம் இருக்கு, பிரிட்டனோட பகுதியும் இல்ல. ஆனா பாதுகாப்பும் வெளியுறவும் பிரிட்டன் கையில. நான் மனப்பாடம் பண்ண நாலு கூறுல இறையாண்மையைக் காணோம். ஆனா கொடி இருக்கு, அந்தக் கொடியோட கப்பல் எங்க ஊர் கடல்ல நிக்குது. நடுக்கடல்ல கப்பலுக்கு எந்தச் சட்டம்னு சொல்றதே அந்தக் கொடிதான். எண்ணூர் மாதிரி நம்ம பிராந்தியக் கடலுக்குள்ள வந்துட்டா நம்ம சட்டமும் சேர்ந்துக்கும்.

அடுத்து நஷ்டஈடு. கப்பலோட எரிபொருள் எண்ணெய் கசிஞ்சா யார் பணம் தரணும்னு 2001-ல ஒரு சர்வதேச உடன்படிக்கை வந்திருக்கு. இந்தியா அதுல சேர்ந்தது 2015-ல, அதாவது நான் காலேஜ் சேர்ந்த வருஷம். ஆயிரம் டன்னேஜுக்கு மேல இருக்கற கப்பல் இன்ஷூரன்ஸ் வெச்சிருக்கணும், பாதிக்கப்பட்டவங்க இன்ஷூரன்ஸ் கம்பெனி மேலயே நேரடியா கேஸ் போடலாம்னு அதுல இருக்கு. பெரியம்மாவோட காலிக் கூடைக்கும் எங்கயோ ஒரு நாட்டுல இருக்கற இன்ஷூரன்ஸ்காரனுக்கும் நடுவுல ஒரு கயிறு கட்டியிருக்காங்க. ஆனா அந்தக் கயித்தைப் பிடிச்சு இழுக்கறதுக்கு, நஷ்டம் இவ்வளவுன்னு ஒரு பேப்பர் வேணும். தலையில கூடை வெச்சு விக்கறவங்ககிட்ட ஏது பில்லு? சட்டம் இருக்கறதும் அது நம்ம தெரு வரைக்கும் வர்றதும் வேற வேறன்னு அந்த மாசம்தான் புரிஞ்சது.

இதெல்லாம் புதுசும் இல்ல. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து நம்ம துறைமுகத்துப் பக்கம் எண்ணெய் டேங்குகளைச் சுட்டுட்டுப் போச்சு. பயங்கரமான ஆளை இன்னும் 'எம்டன்'னுதான் சொல்றோம். பாரிமுனை பர்மா பஜார்ல அத்தோ சாப்பிடறோமே, 1962-ல நெ வின் ராணுவ ஆட்சி வந்து, கடைகண்ணி எல்லாம் அரசுடைமை ஆகி, பர்மாவுல இருந்த தமிழர்கள் கப்பல் ஏறி வந்ததோட மிச்சம் அது. சர்வதேச உறவுகள்னா டெல்லியில கோட்டு போட்டவங்க பேசறதுன்னு நெனச்சுட்டிருந்தேன். அது நாம சாப்பிடற தட்டுல இருந்திருக்கு.

இன்னொன்னு, கச்சத்தீவு. எலெக்‌ஷன் வந்தா எல்லாரும் பேசுவாங்க. மூணாம் வருஷம் எங்க மேடம், "1974 ஒப்பந்தத்தைப் படிச்சவங்க கை தூக்குங்க"ன்னாங்க. ஒரு கை இல்ல. சில பக்கம்தான் இருக்கு. ஐந்தாவது சரத்துல, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்ன மாதிரியே விசா இல்லாம கச்சத்தீவுக்குப் போய்வரலாம்னு இருக்கு. மீன்பிடிக்கலாம்னு அந்தச் சரத்துல இல்ல. ஆறாவது சரத்துல, ரெண்டு நாட்டுப் படகுகளுக்கும் பாரம்பரிய உரிமை தொடரும்னு வருது. அப்புறம் 1976 கடிதப் பரிமாற்றத்துல, அனுமதி இல்லாம ஒருத்தர் கடல்ல இன்னொருத்தர் மீன்பிடிக்கக் கூடாதுன்னு ஆயிடுச்சு. எந்தப் பக்கம் நின்னு பேசினாலும் சரி, அந்தத் தாளைப் படிச்சிட்டுப் பேசணும்ங்கற பழக்கம் எனக்கு அந்தக் கிளாஸ்ல வந்தது. அந்தப் படிப்புல இருந்து ஒன்னே ஒன்னு வெச்சுக்கோன்னு சொன்னா, நான் இதைத்தான் எடுத்துப்பேன்.

சரி, வேலை. பொய் சொல்ல மாட்டேன். பி.ஏ. முடிச்ச உடனே இந்தப் பட்டத்துக்குன்னு யாரும் கதவைத் திறந்து வெச்சிருக்கல. சிவில் சர்வீஸ் மெயின்ஸ்ல இது விருப்பப் பாடமா இருக்கு, ரெண்டு பேப்பர், 500 மார்க். ஆனா வெளியுறவுப் பணிக்கு நாடு முழுக்க வருஷத்துக்குச் சில டஜன் பேரைத்தான் எடுக்கறாங்க. அதை நம்பி மட்டும் சேராதீங்க. நான் இப்ப பாரிமுனையில ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸ்ல டாகுமென்ட் பார்க்கறேன். முதல் சம்பளம், பி.காம். படிச்ச என் ஃப்ரெண்டைவிடக் கம்மி. ரெண்டு வருஷம் அது உறுத்துச்சு. ஒவ்வொரு கப்பல் பேப்பர்லயும் கொடின்னு ஒரு கட்டம் இருக்கும். பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள். பக்கத்து சீட்ல இருக்கறவர் டைப் அடிச்சுட்டுப் போயிடுவார். நான் ஒரு நிமிஷம் நின்னுடுவேன். அதுக்கு ஆபீஸ்ல எக்ஸ்ட்ரா சம்பளம் கிடையாது!

அந்தப் பொண்ணுக்கு நான் சொன்னது இதுதான். உங்கப்பா பி.காம்.னு சொல்றது பயத்துல, அந்தப் பயம் நியாயமானது. முடிஞ்சா இந்தப் படிப்போட இங்கிலீஷ், கம்ப்யூட்டர், இல்ல ஏதாவது ஒரு வெளிநாட்டு மொழியைச் சேர்த்துக்கோ. மூணாம் வருஷம் வரைக்கும் காத்திருக்காத. அப்புறம், எந்தக் கட்சின்னு அவர் கேட்டா கோச்சுக்காத, எங்க நைனாவுக்கு ஃபோன் போட்டுக் குடு. அவர் பேசிப்பார்.

எல்லாத்தையும் கேட்டுட்டு அவ ஒரே ஒரு பதில்தான் அனுப்பினா: "அக்கா, இதுல மேத்ஸ் வருமா?"

வராதுன்னு அடிச்சுச் சொல்ல முடியல. சில காலேஜ்ல புள்ளியியல் ஒரு பேப்பர் இருக்கும். சிலபஸை டவுன்லோடு பண்ணிப் பாரும்மான்னு அனுப்பியிருக்கேன்.