பத்து நாள் ஊழியமும் பக்கத்துச் சேரியும்

(கும்மிடிப்பூண்டியில் நடந்த இளைஞர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருப்பவர்களில் பலர் ஏதாவது ஒரு திருச்சபையின் இளைஞர் குழுவில் இருப்பவர்கள். இன்னும் சிலர் ஒரு காலத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தவர்கள். அதனால் 'மிஷன் டிரிப்' என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் காணிக்கை சேர்த்து, பத்து நாளோ இரண்டு வாரமோ வெளிநாடு போய், பாட்டு, குறுநாடகம், விடுமுறை வேதாகமப் பள்ளி, மருத்துவ முகாம் என்று நடத்திவிட்டுத் திரும்புவது. வெளிநாட்டுச் சபைகளிலிருந்து இங்கே வந்தார்கள், இன்னமும் வருகிறார்கள். இப்போது நம் ஊர்ச் சபைகளும் நேபாளத்துக்கும் இலங்கைக்கும் பிள்ளைகளை அனுப்புகின்றன.

இதைக் கேலி செய்ய நான் வரவில்லை. தாத்தா படியாளாக இருந்த வீட்டில் பேத்தி பாஸ்போர்ட் எடுப்பது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பெண்ணை மேடையேற்றி, மைக்கைக் கொடுத்து, பேசு என்று முதலில் சொன்னது பல ஊர்களில் சபைதான். அதை மறுக்க முடியாது. என் கேள்வி வேறு. பத்து நாளில் ஒரு ஊரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? தெரியாத ஊரில் நாம் செய்யும் உதவி யாருக்குப் பயன்படும்?

இதற்கு நம் மாவட்ட வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. திருவள்ளூரும் பொன்னேரியும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. 1880களில் வில்லியம் கௌடி என்ற வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனெரி சென்னைக்கு வந்து, திருவள்ளூர்ப் பகுதியில் வேலை செய்தார். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் பிறந்தவர். இன்றும் திருவள்ளூரில் அவர் பெயரால் பள்ளி இருக்கிறது.

மிஷன்கள் அதுவரை பெரிதும் எதிர்பார்த்திருந்தது உயர்சாதியினரின் மதமாற்றத்தை. ஆனால் அவர்களைத் தேடி வந்தவர்கள் பறையர்கள். அவர்கள் ஜெபத்தை மட்டும் கேட்டு வரவில்லை. குடியிருந்த மனைகூட மிராசுதாருடையது; எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்ய வேண்டும். தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. மனு எழுதவும், கச்சேரிக்குக் கூட வரவும் ஒரு துணை வேண்டும் என்றார்கள். ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட 'தி பறையா பிராப்ளம்' என்ற ஆய்வு நூல் இந்த வரலாற்றை ஆவணங்களிலிருந்து விரிவாகச் சொல்கிறது.

கௌடியும், செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனெரி ஆடம் ஆண்ட்ரூவும் பல ஆண்டுகள் தங்கினார்கள். தங்கியதால்தான் சேரி சொன்னது அவர்கள் காதில் விழுந்தது: பிரச்சினை நிலம். அவர்களும் நிலத்தைப் பற்றி எழுதினார்கள், அரசை நெருக்கினார்கள். 1891இல் ஆட்சியர் திரமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதன் தொடக்கம் அது. 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அதில் பறிபோனதை மீட்கக் கேட்டுத்தான் 1994இல் காரணை மக்கள் போராடினார்கள். அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

மிஷனெரிகளை நாயகர்களாக்க இதைச் சொல்லவில்லை. கோயிலுக்குள் தனி வரிசையையும் வெளியே தனிக் கல்லறையையும் விட்டுவைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதன் விளைவு இன்றும் தொடர்கிறது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டபோது, அவர்கள் வீடுகளைத் தாக்கியவர்களும் கத்தோலிக்கர்கள்தான். நான் சொல்ல வருவது இதுதான்: நிலத்தைப் பற்றிய அறிவு சேரியிடம் இருந்தது. அதைக் கேட்கும் அளவுக்கு வந்தவர் உட்கார்ந்திருந்தபோதுதான் ஏதோ ஒன்று நடந்தது.

பத்து நாள் பயணத்தில் அப்படி உட்கார நேரம் கிடையாது. நிகழ்ச்சி நிரல் கிளம்பும் முன்பே முடிவாகிவிடுகிறது. செலவுக் கணக்கையும் பாருங்கள். 1998இல் மிட்ச் சூறாவளியில் வீடிழந்த ஹோண்டுராஸ் மக்களுக்கு வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் நேரில் போய் வீடு கட்டின. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் இதை ஆராய்ந்தார். அவரும் கிறித்தவக் கல்லூரி ஒன்றின் பேராசிரியர்தான். உள்ளூர் அமைப்பு கட்டினால் ஒரு வீட்டுக்குச் சுமார் 2,000 டாலர். வெளியிலிருந்து வந்த குழு, பயணச் செலவோடு சேர்த்து, ஒரு வீட்டுக்குச் செலவிட்டது சுமார் 30,000 டாலர்.

பணம் மட்டும் பிரச்சினை இல்லை. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் சுவிசேஷம் சொல்ல வடக்கு சென்டினல் தீவுக்குப் போய் உயிரிழந்தார். அவரைப் படகில் கொண்டுபோய் விட்ட மீனவர்கள் உட்பட ஏழு பேர் கைதானார்கள். வந்தவருக்கு அது அழைப்பு. படகோட்டியவருக்கு வழக்கு. ஊழியப் பயணம் எதுவானாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: நாம் திரும்பிய பிறகு அங்கே யார் மாட்டிக்கொள்வார்கள்?

வெளிநாடு என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதே கும்மிடிப்பூண்டியில் ஈழ அகதிகள் முகாம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இன்னும் குடியுரிமை இல்லாமல் இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. சிப்காட் ஆலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் ஒரே அறையில் ஷிப்டு மாற்றித் தூங்குகிறார்கள். மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு முன்பணம் வாங்கி வரும் பொலாங்கிர் குடும்பங்களில் பெரும்பாலோர் தலித்துகளும் பழங்குடிகளும்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. முன்பணம் இன்னும் இருக்கிறது. இவர்களைப் பார்க்க விசா தேவையில்லை. ஆனால் சூளைக்குள் போனால் முதலாளியைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். அந்த முதலாளி நம் சபைக்குக் காணிக்கை கொடுப்பவராகவும் இருக்கலாம். தூரத்து ஊர் வசதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, பயணப் படங்கள். ஒரே குழுவில் போகும் எல்லோருக்கும் அந்தப் படங்கள் ஒன்றில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவருக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டது சரியென்று தீர்ப்பளித்தது. ஆக, உயர்சாதி நண்பருக்கு அந்தப் படம் சாட்சி. எஸ்.சி. சான்றிதழ் வைத்திருக்கும் நம் பிள்ளைக்கு அதுவே ஆதாரமாகத் திரும்பலாம். குழுவைக் கூட்டிப்போகும் அண்ணன்மார் இதை யோசிக்கிறார்களா?

அதனால் இளைஞர் குழுக்களுக்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, அடுத்த பயணத்துக்குக் காணிக்கை சேர்க்கும் முன் உங்கள் கிராமத்தின் பஞ்சமி நிலம் எவ்வளவு, எந்த சர்வே எண்கள், இப்போது யார் பெயரில் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுக்கு 10 ரூபாய் கட்டணம்.

இரண்டாவது, உங்கள் சபைக் கல்லறையில் யாருக்கு எந்தப் பக்கம் என்று போய்ப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

மூன்றாவது, வெளிநாடு போயே ஆக வேண்டுமென்றால், அங்குள்ள மக்கள் எதற்காக அழைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். அழைக்கவே இல்லை என்றால் போகாதீர்கள். அழைத்திருந்தால், பயணச் செலவையும் அங்கே கொடுத்ததையும் திரும்பி வந்து சபை முன்னால் கணக்காகப் படியுங்கள்.

முதல் வேலைக்கு ஆள் வேண்டும். மனு எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.