பிம்ப்ரி ஆலையும் மருத்துவமனைக் கிருமிகளும்



புனே அருகே பிம்ப்ரியில், உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உதவியுடன் 1954-இல் தொடங்கப்பட்டது இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ். நாட்டுக்குப் பெனிசிலின் தந்த பொதுத்துறை ஆலை அது. பூஞ்சைத் தொற்றுக்கான ஹாமைசின் அங்கேயே கண்டறியப்பட்டது. அதனைத் தனியாருக்கு விற்க 2016 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. பழைய மருந்தில் தனியாருக்கு இலாபம் குறைவு. பெனிசிலின் ஊசிக்குப் பலமுறை தட்டுப்பாடு நேர்ந்தது அதனால்தான்.

மருத்துவமனையில் கிருமி எதுவென அறியும் கல்ச்சர் சோதனைக்கு இரண்டு மூன்று நாட்களாகும். ஆய்வகமே இல்லாத இடங்களில், இறுதிக் காப்பாக வைத்திருக்க வேண்டிய மெரோபெனம் எடுத்த எடுப்பிலேயே ஏற்றப்படுகிறது. அதற்கும் அடங்காத கிருமி, கழுவாத கை வழியே அடுத்த படுக்கைக்குச் செல்கிறது. கை கழுவவும் நேரமின்றி ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளைத்தான் பார்ப்பார்? பழியோ, கடையில் மாத்திரை வாங்கிய ஏழையின்மேல்!

மாவட்ட மருத்துவமனைதோறும் நுண்ணுயிரி ஆய்வகம், போதிய செவிலியர், பொதுத்துறையிலேயே பிம்ப்ரி ஆலை: இக்கோரிக்கைகளைக் கிளைகள் மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும்.