தவணையைக் கேட்கும் குழு, பிள்ளையையும் கேட்கட்டும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வட்டி பற்றி மாதாமாதம் பேசுகிறோம். இன்றைக்கு நம்ம பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம்.

ஒரு உறுப்பினரின் வீட்டுக்காரர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். காரியம் முடிந்ததும் சொந்தபந்தம் எல்லாம் கிளம்பிவிடுகிறார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். வாரத்தில் மூன்று நாள்தான் கூலி வேலை. அடுத்த கூட்டத்தில் தவணை கட்ட முடியவில்லை. அப்போது ஊரில் என்ன சொல்வார்கள்? "பெரியவனை வேலைக்கு அனுப்பு. சின்னதை ஏதாவது இல்லத்துல சேத்துடு, மூணு வேளை சோறாவது கிடைக்கும்" என்பார்கள். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேறு வழி இருப்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வழி இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் என்ன சொல்கிறது? பிள்ளை குடும்பத்தோடு வளர வேண்டும், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. அதற்காகவே நிதி ஆதரவு என்று ஓர் உதவி இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து இதற்குப் பணம் ஒதுக்குகின்றன. ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். 18 வயது வரை பெற வழி உண்டு.

யாருக்குக் கிடைக்கும்? கணவரை இழந்த, விவாகரத்தான, குடும்பத்தாரால் கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகளுக்கு. தாய் தகப்பன் இல்லாமல் பாட்டி, சித்தி வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு. பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயிலோ, உழைக்க முடியாத நிலையிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு. வேலையிலிருந்தும் குழந்தைத் திருமணத்திலிருந்தும் மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கும் உண்டு. கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசும் 2025 செப்டம்பரில் அன்புக்கரங்கள் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகள், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகள் ஆகியோருக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்கும் திட்டம் அது.

எங்கே போய்க் கேட்பது? மாவட்டத் தலைநகரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. ஆதார், ரேஷன் அட்டை, இறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளியில் படிக்கும் சான்று, வங்கிப் புத்தகம் இவற்றின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். வேறு என்ன வேண்டும் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுதான் ஒப்புதல் கொடுக்கும். வழி தெரியவில்லையா? 1098-க்குப் போன் போடுங்கள். காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

மனு கொடுத்தவுடனே பணம் வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒதுக்கிய நிதியைப் பொறுத்துத்தான் கிடைக்கும். மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டி வரலாம். "நான் வாங்கித் தர்றேன், ஆயிரம் கொடு" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் வர ஆரம்பித்த பிறகு பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போக வேண்டும். படிப்பை நிறுத்தினால் உதவியும் நின்றுவிடும். அரசு விடுதியில் சேர்ந்தாலும் நின்றுவிடும்.

இதில் குழுவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். துக்கத்தில் இருக்கிறவளால் தாலுகா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் தனியாக அலைய முடியுமா? கூடப் போக ஒருத்தர் வேண்டாமா? அந்த ஒருத்தர் நம்ம குழுவிலிருந்து போகட்டும். யார் போவது, எந்தத் தேதியில் போவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் "போனீங்களா, என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும். பிள்ளைக்கு வருகிற அந்த 4,000 ரூபாயில் குழுத் தவணையைப் பிடிக்கக் கூடாது. "பணம்தான் வருதே, கட்டு" என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கக் கூடாது. அது பிள்ளையின் சாப்பாடு, நோட்டு, மருந்து. அவளுடைய கடனுக்கு வேறு வழி பார்ப்போம். தவணையைக் குறைக்கலாம், ஆறு மாதம் தள்ளி வைக்கலாம். அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் நம் குழுவுக்கு இருக்கிறது. நாம் தவணைக்கு நெருக்கியதால் ஒரு பையன் படிப்பை விட்டான் என்றால், அந்தக் கடன் வசூலானதில் யாருக்குப் பெருமை?

இந்த மாதம் ஒவ்வொரு குழுவும் ஒரு கணக்கு எடுங்கள். தகப்பனோ தாயோ இல்லாத பிள்ளைகள், பாட்டி வளர்க்கும் பிள்ளைகள், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் நம் தெருவில் எத்தனை பேர்? நம் உறுப்பினர் வீடாக இல்லாவிட்டாலும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பட்டியலோடு வாருங்கள்.