சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு குளிர்ச்சட்டை



பொங்கலை ஒட்டிய ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் கூப்பிட்டபோது, "சிலப்பதிகாரமா, குறளா?" என்று கேட்டேன். "ஐயா, அதற்கு ஆள் இருக்கிறது. நீங்கள் ஜவுளிக்கடைக்காரர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் பனிச்சறுக்குக்குக் கூட்டிப் போகிறார்கள். சட்டை, பூட்ஸ், ஹெல்மெட் விலையைக் கேட்டாலே நமக்கு வேர்க்கிறது. எது மலிவு, எது ஏமாற்று என்று சொல்லுங்கள், போதும்" என்றார். 1988-இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த கால்கரி நகரத்துக்கு வந்து, பனி பெய்யாத ஊர்க்காரன் பனிச்சட்டையைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கடை திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய தெரு. தாத்தா கோட்டாற்றிலிருந்து வந்து கடை போட்டார். அன்றைக்குக் கோட்டாறும் திருவிதாங்கூர், சாலையும் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கல்லாப்பெட்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்தாமல் நாங்கள் வெளிமாநிலத் தமிழர் ஆகிவிட்டோம். அங்கே தை மாதத்து விடியற்காலையில் 22 டிகிரி வந்தால் போதும், கிழக்கே கோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிற பெரியவர்கள் மங்கி குல்லாவை எடுத்துவிடுவார்கள். குளிர் என்றால் எங்களுக்கு அவ்வளவுதான்.

2011-இல் என் மகள் படிக்க இந்த ஊருக்குக் கிளம்பினாள். நம் கடையில் குளிர்ச்சட்டை கிடையாது. ஊரிலேயே வேறொரு கடைக்குப் போனோம். "சார், இது மைனஸ் 20 தாங்கும்" என்று ஒரு பையன் எடுத்துப் போட்டான். நாற்பது வருஷம் துணி தொட்ட கை இது. தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. விலை பேசினேன், நானூறு ரூபாய் குறைத்தான். வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன்.

முதல் லீவில் அவள் அந்தச் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஒன்றும் சொல்லவில்லை, மேசைமேல் வைத்தாள். அதுவே போதுமாக இருந்தது. ராத்திரி கத்திரிக்கோலை எடுத்து நான் அதைப் பிரித்தேன். உள்ளே தலையணையில் அடைக்கிற பாலியெஸ்டர் பஞ்சு, அதுவும் அப்பளம் போல. அதைக்கூட மன்னிக்கலாம். குறுக்கே வரிவரியாகத் தையல் ஓடியிருந்தது, பார்த்திருப்பீர்கள். அந்தத் தையல் மேல்துணி, பஞ்சு, உள்துணி மூன்றையும் சேர்த்துக் குத்தி இறங்கியிருந்தது. ஊசி போன வரியில் பஞ்சு நசுங்கி மேலும் கீழும் ஒட்டிக்கிடந்தது. ஒரு சட்டையில் அப்படிப் பதினான்கு வரி, குளிர் உள்ளே வரப் பதினான்கு வாசல். ஜிப்புக்குப் பின்னால் காற்றை மறிக்கிற பட்டியும் இல்லை. நானூறு ரூபாய் குறைத்தது அவன் கெட்டிக்காரத்தனம், என்னுடையது இல்லை.

அதற்குப் பிறகு இந்த ஊருக்கு வரும்போதெல்லாம் கடைகடையாக ஏறி இறங்குவது எனக்கு வேலையாகிவிட்டது. மருமகன் காரிலேயே உட்கார்ந்திருப்பார்.

சட்டை சூடு தராது, நம் உடம்புச் சூட்டை அசையாத காற்றில் பிடித்து வைக்கிறது. அதனால் கனத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், உப்பலுக்குக் கொடுங்கள். வாத்து இறகுச் சட்டைகளில் 550, 650, 800 என்று ஓர் எண் போட்டிருக்கும். ஓர் அவுன்ஸ் இறகு எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு. 800 போட்ட சட்டையில் இறகையே கொஞ்சமாக வைத்திருந்தால் எண்ணை வைத்து என்ன செய்வது? ஆகவே கையில் ஒரு பிடி அழுத்திப் பிடித்து விடுங்கள். நல்ல சட்டை இட்லி மாதிரி எழும்பி வரும். பழைய சட்டை வாங்கினாலும் இந்தச் சோதனைதான். எழும்பாமல் கட்டியாகக் கிடந்தால் தள்ளிவிடுங்கள்.

மழைக்கும் ஈரப்பனிக்கும் மேலே போடுகிற சட்டையில் 10,000, 20,000 என்று எழுதியிருப்பார்கள். அது மில்லிமீட்டர். துணிமேல் அவ்வளவு உயரத்துக்கு நீர் நின்றாலும் கசியாது என்று பொருள். 10,000 என்றால் 10 மீட்டர், சாலையில் ஒரு மூன்று மாடிக் கட்டட உயரம். ஆனால் ஊசித்துளைக்கு அந்த எண் தெரியாது. சட்டையை உள்பக்கம் திருப்பி, எல்லாத் தையலின் மேலும் டேப் ஒட்டியிருக்கிறதா, தோளிலும் தலைமூடியிலும் மட்டும் ஒட்டிவிட்டு மற்றதை விட்டுவிட்டார்களா என்று பாருங்கள். கடைக்காரர்கள் முன்னால் திருப்பிப் பார்க்க நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். சாலையில் ஒரு முழம் மல் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாங்கியிருக்கிறோமா? இங்கே வந்தவுடன் என்ன கூச்சம்?

உள்ளாடைக்குப் பருத்தி வேண்டாம். நான் திருப்பூர்ப் பருத்தி பனியன் விற்றுச் சாப்பிடுகிறவன், நானே சொல்கிறேன். சறுக்கும்போது வேர்க்கும், பருத்தி அந்த வேர்வையைக் குடித்துவிட்டு உலராமல் உடம்பில் ஒட்டிக்கொள்ளும், மலைமேல் ஏற்றுகிற லிஃப்டில் உட்கார்ந்ததும் நடுங்குவீர்கள். மெரினோ கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும், விலை அதிகம். பாலியெஸ்டர் மலிவு, சீக்கிரம் உலரும், மூன்றாம் நாள் நாறும்.

எப்போது வாங்குவது? ஆடித் தள்ளுபடியின் சூத்திரம் உங்களுக்குத் தெரியும். தீபாவளிச் சரக்கு வருவதற்குள் அலமாரி காலியாக வேண்டும், தேங்கிய சரக்கு வட்டி தின்னும். இங்கேயும் அதே கணக்குதான். சைக்கிளும் கூடாரமும் வருவதற்கு முன்னால், பிப்ரவரி கடைசியிலிருந்து பனிச்சரக்குக்கு இடம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பாக்ஸிங் டே தள்ளுபடிக் கூட்டத்தில் இடிபடுவதைவிட மார்ச்சில் நிதானமாகப் போவது மேல் என்பது என் அனுபவம். மிஞ்சுவது மிகச் சின்னதும் மிகப் பெரியதும், போன வருஷத்துக் கலரும்தான். ஆரஞ்சு நிறம் பழசாகிவிட்டது என்று பனிக்கு யார் சொன்னது?

பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்களுக்கு மார்ச்சில் வாங்கினால் நவம்பரில் கை எட்டாது. நம் வீடுகளில் பெண்பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை தைக்கும்போது அடியில் இரண்டு டக் பிடித்துத் தைப்போம். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒன்றைப் பிரித்துவிட்டால் பாவாடை பிள்ளையோடு வளரும். பிரித்த இடத்தில் பட்டு கொஞ்சம் பளிச்சென்று புதிதாகத் தெரியும், பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள், அது தனிக்கதை. இங்கே கொலம்பியா போன்ற கம்பெனிகளின் பிள்ளைச் சட்டைகளில் அதே உத்தி இருக்கிறது. கையின் உள்பக்கம் வேறு நிறத்தில் ஒரு தையல் ஓடும். அந்த நூலை வெட்டினால் கை ஒன்றரை அங்குலம் நீளும். முதல் தடவை அதைப் பார்த்தபோது கடையில் நின்றுகொண்டே சிரித்துவிட்டேன், மகள் இழுத்துக்கொண்டு போனாள்.

ஸ்கீயும் பூட்ஸும் பிள்ளைகளுக்கு வாங்கவே வாங்காதீர்கள். சீசன் முழுக்க வாடகைக்குத் தருகிற கடைகள் இருக்கின்றன. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு கனடா ஸ்கீ கவுன்சில் ஸ்னோபாஸ் என்று ஒன்று தருகிறது. சிறு தொகைக்குப் பல மலைகளில் லிஃப்ட் சீட்டு கிடைக்கும். அந்த இரண்டு வருஷத்தைத் தவறவிட்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள்.

பேரம் பேசக் கூடாத சாமான் இரண்டு. ஒன்று ஹெல்மெட். உள்ளே இருக்கும் நுரை ஓர் அடியை வாங்கிக்கொண்டால் அதன் ஆயுள் முடிந்தது, வெளியே கீறல்கூடத் தெரியாது. அடுத்தவர் தலையில் என்ன பட்டது என்று நமக்கு எப்படித் தெரியும்? இன்னொன்று பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கிற பைண்டிங். விழும்போது அது சரியான நேரத்தில் விடவேண்டும், இல்லையென்றால் முழங்கால் போய்விடும். பழைய மாடல்கள் தயாரிப்பாளரின் பொறுப்புப் பட்டியலிலிருந்து போய்விட்டால் எந்தக் கடையிலும் அதைச் சரிபார்த்துத் தரமாட்டார்கள். இருபது டாலருக்கு ஸ்கீ கிடைத்தது என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் கடையில் காட்டிக் கேளுங்கள்.

காசில்லாமல் பனியில் இறங்கியவர்கள் உண்டு. சிவ கேசவன் என்று ஒருவர். அப்பா மலையாளி, அம்மா இத்தாலிக்காரர், வளர்ந்தது மணாலிப் பக்கம். படுத்தபடி பனித்தடத்தில் பாய்கிற லூஜ் வண்டியில் 1998 நாகானோ முதல் 2018 பியோங்சாங் வரை 6 ஒலிம்பிக்குகளில் இறங்கினார். இந்தியாவில் அதற்குத் தடமே கிடையாது. வண்டிக்கு அடியில் சக்கரம் பூட்டி, இமயமலை ரோட்டில், லாரிகளுக்கு நடுவே பழகினார். பிள்ளைகளே, இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.

நம்மவர்களுக்குக் குளிர்ச்சட்டை புதிது என்று நினைக்கிறோம். இல்லை. இலங்கை மலைநாட்டிலும் மூணாறிலும் தேயிலைக்காட்டுக்குப் போன தமிழர்கள் தலையிலிருந்து முதுகு வரை மடித்துப் போட்டுக்கொண்ட கம்பளிதான் நம் முதல் குளிர்ச்சட்டை. வெள்ளைக்காரத் துரைகள் அந்தச் சொல்லையே எடுத்துக் 'கம்ப்ளி' என்று தங்கள் கணக்குப் புத்தகத்தில் எழுதினார்கள். எழுதினது பற்றுப் பக்கத்தில். இலங்கையில் வந்து இறங்கியவனுக்குக் கம்பளியும் அரிசியும் முன்கடனாகக் கொடுத்துக் கூலியில் பிடித்தார்கள். கடன் தீராமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது. கடன் தொகை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். 1921-இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள். இன்றைக்கு இங்கே வந்து இறங்குகிற மாணவன் முதல் மாதத்திலேயே கிரெடிட் கார்டில் ஆயிரம் டாலருக்குக் குளிர்ச்சட்டை வாங்குகிறான் என்று கேட்டபோது எனக்கு அந்தத் துண்டு நினைவு வந்தது.

பழைய உடுப்பு என்றால் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குளிர்நாடுகளில் கழித்துப்போட்ட கம்பளிக் கோட்டுகள் கப்பலேறிப் பானிப்பட்டு வருகின்றன. அங்கே பெண்கள் நம் அரிவாள்மணை போல நிமிர்ந்து நிற்கும் கத்தியின் முன்னால் உட்கார்ந்து, பித்தானையும் ஜிப்பையும் சீவி எறிந்துவிட்டு, நிறம் வாரியாகக் கிழித்துப் போடுகிறார்கள். அது பஞ்சாகி, நூலாகி, போர்வையாகிறது. சாலையில் மழைக்காலத்தில் விற்கிற மலிவுப் போர்வைகளில் பானிப்பட்டுச் சரக்கு உண்டு, நானே விற்றிருக்கிறேன். நீங்கள் தூக்கிப்போட்ட கோட்டை உங்கள் ஊரிலிருக்கும் அம்மா போர்த்திக்கொண்டிருக்கலாம்.

அதற்காக நல்ல சட்டையை மூட்டைகட்டி ஊருக்கு அனுப்பாதீர்கள். இரண்டு மழைக்காலம் உள்ள ஊர் எங்களுடையது. மகள் ஒரு முறை விட்டுப்போன விலையுயர்ந்த சட்டையைப் பாச்சை உருண்டை போட்டுப் பீரோவில் வைத்தேன். இரண்டு வருஷத்தில் உள்பூச்சு, வெயிலில் காய்ந்த வடாம் போல உரிந்து கையோடு வந்தது. காற்றிலுள்ள ஈரமே அந்தப் பூச்சை அரித்துவிடும். ஸ்கீ பூட்ஸ் பிளாஸ்டிக்குக்கும் அதே கதிதான்.

இங்கேயே கைமாறட்டும். சியாட்டிலில் லாயிட் ஆண்டர்சன் என்ற மலையேறி, உள்ளூர் விலை கட்டுபடியாகாமல் ஆஸ்திரியாவிலிருந்து ஒரு பனிக்கோடாலியை 3.50 டாலருக்கு வரவழைத்தார். நண்பர்கள் எனக்கும் எனக்கும் என்றார்கள், 1938-இல் ஆர்.இ.ஐ. என்ற கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கேட்டுவிட்டுப் பிரமிக்க வேண்டாம். பண்டகசாலைக் கூட்டுறவில் நாம் அவர்களுக்கு மூத்தவர்கள், திருவல்லிக்கேணியில் 1904-இலேயே தொடங்கிவிட்டோம். இந்தச் சங்கத்தில் எத்தனையோ குடும்பங்கள், எத்தனையோ நிலவறைகளில் சின்னதாகிப்போன சட்டைகள். வருஷத்துக்கு ஒரு நாள், அக்டோபரில், இந்த மண்டபத்தில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டால் என்ன? செயலாளர் தலையை ஆட்டுகிறார். அது சம்மதமா, நேரமாகிவிட்டது என்கிறாரா தெரியவில்லை.

சரி, முடிக்கிறேன். வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு சட்டை மாட்டியிருக்கிறேன். என் பேரனுடையது, எட்டு வயது அளவு. போன மார்ச்சில் வாங்கினோம். அவன் அதற்குள் வளர்ந்துவிட்டான், நான்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். யார் பிள்ளைக்குப் பொருந்துகிறதோ எடுத்துக்கொள்ளுங்கள். கையில் அந்த நூலை இன்னும் வெட்டவில்லை.