வேலைத்தளத்தில் நிழலும் தண்ணீரும்

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



 கட்டடம், கருவிகள், சிகிச்சை பெற்ற ஏழைகள் ஆகியவற்றைக் குறித்து இக்கூட்டத்தில் உங்களுக்குக் கணக்குக் கொடுப்பது நமது வழக்கம். இம்முறை வெயிலைக் குறித்துப் பேச விரும்புகிறோம். வெயில் வருஷாவருஷம் வருவதுதானே, அதைக் குறித்துப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். வெயிலை நிறுத்த நம்மால் ஆகாது என்பது உண்மையே. ஆனால் வெயிலில் ஒருவரை எப்படி வேலை வாங்குகிறோம் என்பது முழுவதும் மனுஷர் கையில் இருக்கிறது.

கத்திரி வெயில் நாட்களில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு ஆட்டோவில் தூக்கிவரப்படுகிறவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். முதியோரும் குழந்தைகளும் மாத்திரமல்ல, திடகாத்திரமான வாலிபரும் வருகிறார்கள். செங்கல் சூளையில் கல் சுமந்தவர், கான்கிரீட் போடும் இடத்தில் கலவை தூக்கியவர், சாலையில் தார் ஊற்றியவர் என்று அவர்கள் வருகிறார்கள். விசாரித்தால், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று நாட்களே ஆனவர்கள் அவர்களில் இருப்பதைக் காண்கிறோம். அது தற்செயலானதல்ல. வெட்டவெளி வேலையில் வெப்பத்தால் நேரிடும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை முதல் சில நாட்களிலேயே நேரிடுகின்றன என்று தொழில் மருத்துவம் கண்டறிந்திருக்கிறது.

இதன் காரணத்தைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். நமது சரீரத்தின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ். கடினமாய் வேலை செய்யும்போது தசைகள் தாமே வெப்பத்தை உண்டாக்குகின்றன. வெளி வெயில் அதனோடு சேருகிறது. இரண்டையும் வெளியேற்றச் சரீரத்துக்கு இருக்கும் முக்கிய வழி வியர்வை. வியர்வை வழிந்தால் மாத்திரம் போதாது, அது ஆவியாக வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை சொட்டுமேயன்றி உலராது. ஆகையால் சென்னையிலும் தூத்துக்குடி உப்பளங்களிலும் 36 டிகிரி வெயில்கூட, வறண்ட உள்மாவட்டத்து 40 டிகிரியளவு வருத்தக்கூடும். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, புத்தி தடுமாறத் தொடங்கினால் அதுவே ஹீட் ஸ்ட்ரோக். அப்பொழுது ஒவ்வொரு நிமிஷமும் உயிருக்குரிய நிமிஷம்.

உடனே உயிரைப் பறிக்காத வெயிலும் தீங்கு செய்கிறது. தினந்தோறும் நீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2024ஆம் ஆண்டில் வெளிவந்தது. வேலையில் மிகுந்த வெப்பத்துக்கு உட்பட்ட பெண்களுக்குக் கருச்சிதைவு நேரிடும் அபாயம் ஏறத்தாழ இருமடங்காய் இருந்ததை அது காட்டியது. பிறவாத பிள்ளையும் தாயின் வேலைத்தளத்து வெயிலைச் சுமக்கிறது.

பிரியமானவர்களே, "வெயிலில் ஜாக்கிரதையாய் இருங்கள்" என்று தொழிலாளிக்குப் புத்தி சொல்லுவது எளிது. கூலிக்கு நிற்பவர் தம் விருப்பப்படி நிழலுக்குப் போக முடியுமா? எத்தனை மணிக்கு வேலை தொடங்குவது, தண்ணீர் எங்கே இருப்பது, உட்கார்ந்தால் கூலி பிடிப்பதா என்பதை எல்லாம் தீர்மானிக்கிறவர் வேலை வாங்குகிறவரே. ஆகையால் ஏற்பாடும் அவருடைய கடமையே.

வேதத்தில் போவாஸின் வயலை நினைத்துப் பாருங்கள். வாற்கோதுமை அறுவடை வெயில் ஏறும் காலத்தில் நடந்தது. அந்த வயலில் வேலைக்காரர் நீர் மொண்டு வைத்த பாத்திரங்கள் இருந்தன, சற்று இளைப்பாற ஓர் இடம் இருந்தது, சாப்பாட்டு வேளை இருந்தது. கதிர் பொறுக்க வந்த அந்நிய ஸ்திரீயாகிய ரூத்துக்கும் அந்தத் தண்ணீரில் பங்கு உண்டு என்று எஜமானே சொன்னான். சம்பளப் பட்டியலில் அவள் பேர் இல்லை, ஆனாலும் அவளுக்குத் தாகம் எடுக்கும் என்பதை அவன் அறிந்திருந்தான்.

எங்கள் மருத்துவமனையும் ஒரு வேலைத்தளமே. மருத்துவரும் செவிலியரும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். சலவைக்கூடத்தில் நீராவிக்கு நடுவே படுக்கை விரிப்புகளை அலசித் தேய்க்கிறவர்களும், அடுப்பண்டையில் நிற்கிற சமையற்காரரும், ஆட்டோகிளேவ் அறையில் கருவிகளைச் சுத்திகரிக்கிறவரும், வாசலில் நிற்கும் வாட்ச்மேனும், புதிய கட்டடத்தில் கலவை சுமக்கும் சித்தாள்களும் நோயாளிகளின் கண்ணுக்கு மறைவாய் ஊழியம் செய்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் கொரோனா கவச உடைக்குள் மணிக்கணக்காய் வியர்த்து நின்ற நமது செவிலியர், காற்றுப் புகாத வெப்பம் என்ன செய்யும் என்பதை நமக்கெல்லாம் சொல்லக்கூடியவர்கள். இவர்கள் எல்லாருக்காகவும் ஐந்து ஏற்பாடுகளைக் கைக்கொள்ளுகிறோம். உங்கள் கடைக்கும் பட்டறைக்கும் வயலுக்கும் இவை பொருந்தும்.

முதலாவது, நேரம். கோடை மாதங்களில் மொட்டைமாடி வேலை, தோட்ட வேலை, லாரியிலிருந்து சாமான் இறக்குதல் ஆகியவை காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்குள் முடிகின்றன. பன்னிரண்டு முதல் மூன்று வரை திறந்தவெளியில் பளுவான வேலை இல்லை. மீதி வேலை மாலையில் நடக்கிறது.

இரண்டாவது, தண்ணீர். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதமே. கடின வேலை செய்கிறவர் பதினைந்து இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். இதற்காகத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கே மண்பானைகளைக் கொண்டு வைத்து, அவற்றை நிரப்புவதற்கென்று ஒருவரை நியமித்திருக்கிறோம். பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகி, உள்ளே இருக்கும் நீரைக் குளிரச் செய்கிறது. மின்சாரம் போனாலும் அது நிற்பதில்லை. மிகுதியாய் வியர்க்கிறவர்களுக்கு உப்புச் சேர்த்த மோரும் கஞ்சியும் உண்டு. ஆனால் தண்ணீர் வைத்தால் மாத்திரம் காரியம் முடிந்துவிடாது. கட்டட வேலையில் இருந்த ஒரு சகோதரியிடம், ஏன் அம்மா குடிக்கவில்லை என்று கேட்டபோது, "தண்ணி குடிச்சா ஒதுங்க எடம் வேணுமே ஐயா" என்றார். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொள்ளுகிறார்கள். அதனால் சிறுநீர்த் தொற்றும் வருகிறது. ஆகையால் தண்ணீர்ப் பானை வைக்கும் இடத்தில், பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் அதே ஏற்பாட்டின் பகுதியாய் இருக்க வேண்டும்.

மூன்றாவது, நிழலும் காற்றும். தகரக் கூரையின் மேல் வெள்ளை அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போகிறது. சூடான காற்றை வெளியே தள்ளும் விசிறிகள் சமையற்கூடத்துக்கு அவசியம். காற்றே சரீரத்தைவிடச் சூடாயிருக்கும் வேளையில் மின்விசிறி மாத்திரம் போதாது. முகத்தையும் கைகளையும் நனைத்துக்கொண்டு விசிறியின் கீழ் நிற்க வேண்டும். வாட்ச்மேனுக்கு வேப்பமரத்தடியில் நாற்காலியும், வெயில் நேரத்தில் மாற்று ஆளும் உண்டு. இடம் மாறிக்கொண்டே இருக்கும் வேலைக்கு, தூக்கிச் செல்லக்கூடிய நிழற்பந்தல் வேண்டும்.

நான்காவது, கூலி குறையாத ஓய்வு. எல்லாவற்றிலும் இதுவே முக்கியம் என்று எண்ணுகிறோம். நிழலும் நாற்காலியும் இருந்தும், உட்கார்ந்தால் சம்பளம் போகும் என்றால் ஏழை உட்காரமாட்டார். சூளையில் கல்லை எண்ணிக் கூலி வாங்குகிறவர், தாம் நிற்கும் ஒவ்வொரு நிமிஷத்தையும் தம் பிள்ளையின் சோற்றிலிருந்து எடுப்பதாகவே உணருகிறார். ஆகையால் எங்கள் கட்டட ஒப்பந்தத்தில், கோடையில் மணிக்கொருமுறை ஓய்வு தரவேண்டும், அதற்காகத் தினக்கூலியில் பிடித்தம் கூடாது என்று எழுதிச் சேர்த்திருக்கிறோம். அவர்கள் காண்ட்ராக்டரின் ஆட்கள், நம் ஆட்கள் அல்ல என்று சொல்லுவது எளிது. ரூத்தும் போவாஸின் ஆள் அல்லவே!

ஐந்தாவது, புதியவர்கள். சரீரம் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முற்றிலும் புதிதாய் வருகிறவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்து, நாளுக்கு ஒரு பங்காய்க் கூட்டுவது நல்ல முறை. காய்ச்சலிலிருந்து எழுந்து வருகிறவருக்கும் நீண்ட விடுப்பு முடிந்து வருகிறவருக்கும் இதே கரிசனை வேண்டும். மேலும், இருவர் இருவராய் வேலை செய்யவேண்டும். வெயில் தாக்கியவர் தம் நிலையைத் தாமே அறியமாட்டார். பக்கத்தில் நிற்பவரே அறிவார்.

பேச்சுக் குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா, சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா? வியர்க்கிறதே என்று அசட்டை செய்யாதீர்கள். ஹீட் ஸ்ட்ரோக்கிலும் வியர்ப்பதுண்டு. உடனே நிழலில் கிடத்தி, மேலாடையைத் தளர்த்தி, சரீரம் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 108க்குச் சொல்லி அனுப்புங்கள். வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதிருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. காய்ச்சல் மாத்திரையும் இதற்கு உதவாது.

இப்படி எல்லாம் செய்தால் வேலை நடக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சால்வடாரில், 2014-15 அறுவடையின்போது கரும்பு வெட்டுகிறவர்களுக்கு முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பையும், இடம் மாற்றக்கூடிய நிழற்கூடாரமும், குறித்த வேளைகளில் ஓய்வும், மேலான வெட்டரிவாளும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் ஒரு நாளில் வெட்டிய கரும்பு குறையவில்லை, கூடிற்று. நம் சபைகளில் பலருடைய பிள்ளைகள் வேலை செய்கிற கத்தார் நாட்டில், 2021ஆம் ஆண்டு விதியின்படி ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. அங்கே நம் பிள்ளைக்கு அந்த நிழல் கிடைக்கவேண்டுமென்று ஜெபிக்கிறோம். இங்கே நம்மிடம் வேலைக்கு வரும் பிள்ளைக்கும் ஒரு தாய் ஜெபித்துக்கொண்டிருக்கிறாள்.

இது புதிய காரியமுமல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கோடையில் குளிர்ந்த குடிநீர் வேண்டும் என்று விதித்தது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தளத்தில் குடிநீரும் குழந்தைகளுக்கு நிழலும் ஓய்வு வேளையும் முதலுதவிப் பெட்டியும் வேண்டும் என்று எழுதியது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு நிவாரணம் கிடைக்க அது வழி செய்தது. அதற்காக நன்றி செலுத்துகிறோம். ஆனால் அந்த நிவாரணத்தை வாங்கும் நிலைமை எந்தக் குடும்பத்துக்கும் வராதபடி செய்வது வேலை வாங்குகிற நம் ஒவ்வொருவரின் பொறுப்பு.

கோடை வந்தால் நம் சபைகள் வீதியில் தண்ணீர்ப் பந்தல் வைக்கின்றன. அது நல்லது. வழிப்போக்கருக்குக் கொடுக்கும் அந்தத் தண்ணீர் தர்மம். நமக்காக உழைக்கிறவருக்குக் கொடுக்கும் தண்ணீர் தர்மம் அல்ல, அது கூலியைப்போலவே நாம் செலுத்தவேண்டிய கடன். ஆகையால் இந்த ஆண்டு பந்தலைத் திறக்குமுன், ஆலயக் கட்டட வேலையிலும், கடையிலும், பட்டறையிலும், வீட்டிலும் நமக்கு வேலை செய்கிறவர்களிடம் போய் நான்கு கேள்விகளைக் கேட்கும்படி உங்களை அன்பாய் வேண்டுகிறோம். தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதா? உட்கார நிழல் இருக்கிறதா? உட்கார்ந்தால் கூலி குறையுமா? பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா? பதிலைக் கேட்டபின் செய்யவேண்டியது உங்களுக்கே தெரியும்.

மருத்துவமனைக்காக நாங்கள் கேட்பது ஒன்று. சலவைக்கூடத்தின் கூரையை உயர்த்திக் காற்றோட்டம் உண்டாக்கவேண்டியிருக்கிறது. புதிய கருவிக்குக் கொடுப்பதுபோல் அது கண்ணுக்குத் தெரியும் காணிக்கை அல்ல. அதன்மேல் யாருடைய பேரும் எழுதப்படாது. ஆனாலும் வெளுத்த விரிப்பில் படுத்து ஒரு நோயாளி சுகமடையும்போது, அதைத் துவைத்தவர் சுகமாய் வீடு திரும்பினார் என்ற சந்தோஷம் நம் எல்லாருக்கும் உண்டாயிருக்கும்.

கர்த்தர் உங்களையும், உங்களுக்காக உழைக்கிறவர்களையும் ஆசீர்வதிப்பாராக.